நிறுவனத்தில் எந்தத் தரவுக்குப் பேரிடர் மீட்பு ஏற்பாடு அவசியம், எதை விட்டுவிடலாம்?

எல்லாவற்றுக்கும் செய்யப் போனால் பட்ஜெட் தாங்காது, அதனால் சர்வர் பட்டியலை மூடி வைத்துவிட்டு அந்தந்தத் துறைக்காரர்களிடம் போய் இரண்டே கேள்வி கேளுங்கள். இது இல்லாமல் எத்தனை மணி நேரம் வேலை ஓடும்? கடைசியாகப் பதிந்ததில் எவ்வளவு நேரத்து விவரம் போனால் சமாளிக்கலாம்? முதலாவதுக்கு வரும் பதில்தான் ஆர்.டி.ஓ. (RTO, எவ்வளவு நேரத்துக்குள் மீட்க வேண்டும்), இரண்டாவதுக்கு வருவது ஆர்.பி.ஓ. (RPO, எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம்). "இது முக்கியமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

ஆர்டர், பணப் பரிவர்த்தனை மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற, வேறெங்கிருந்தும் திரும்ப எடுக்க முடியாத தரவுக்கு வேறு ஊரில் உடனுக்குடன் நகல் வேண்டும். சம்பளக் கணக்கு மாதத் தொடக்கத்தில் 2 நாள் நின்றாலும் யாருக்கும் தெரியாது, சம்பளத்துக்கு முந்தைய நாள் நின்றால் கதையே வேறு. டெஸ்ட் சர்வர், கேஷ் (cache, வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்), மூலத் தரவிலிருந்து மறுபடி எடுக்கக்கூடிய அறிக்கைகள் எல்லாம் வேண்டாம். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பழைய ஆவணங்களுக்கு வெளியிடத்தில் சாதாரண பேக்கப் போதும்.

பலரும் கோட்டை விடுவது சின்ன விஷயங்களில்தான். பில்லிங் டேட்டாபேஸின் நகல் பத்திரமாக இருக்கும், பூட்டிய அந்தத் தரவைத் திறக்கிற என்கிரிப்ஷன் சாவி எரிந்துபோன சர்வரிலேயே இருந்திருக்கும். லாகின் சர்வர், பெயரை வைத்து சர்வரின் முகவரியைக் காட்டும் டிஎன்எஸ் அமைப்புகளும் அப்படித்தான், இவை எழாமல் மற்றது எதுவும் எழாது.

அப்புறம், ரெப்ளிகேஷன் (உடனுக்குடன் நகலெடுப்பது) மட்டும் பேக்கப் ஆகாது, இங்கே தவறி அழித்தது அடுத்த நொடியே அங்கேயும் அழியும். நகல் இருக்கும் இடத்தையும் பாருங்கள்: 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் (OVH) என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின.