கிரெடிட் ஸ்கோர் பார்க்கப் பணம் கட்டலாமா?

கேள்வி: மாதாமாதம் ஸ்கோர் காட்டுவதாகச் சொல்லும் சந்தாவில் சேரலாமா?

வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதை முதலில் வாங்கிப் பாருங்கள். நீங்கள் கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறீர்கள் என்ற விவரங்களைத் திரட்டி, அறிக்கையும் கிரெடிட் ஸ்கோர் என்ற எண்ணும் தர, இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை ஸ்கோருடன் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றிக் கேட்டால் வருடம் முழுக்கக் கவனித்து வரலாம். அமெரிக்காவில் மூன்று நிறுவனங்களின் அறிக்கையையும் வாரம் ஒரு முறை செலவில்லாமல் பார்க்க முடிகிறது. அதில் ஸ்கோர் இருக்காது. ஆனால் அதைப் பல வங்கிகள் தங்கள் செயலியிலேயே காட்டிவிடுகின்றன.

கேள்வி: அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் குறையும் என்கிறார்களே?

நீங்களே பார்த்தால் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து, அதற்காக வங்கி எடுத்துப் பார்த்தால்தான் அது கணக்கில் வரும்.

கேள்வி: பணம் கட்டிப் பார்த்தபோது 780. வங்கியில் 730 என்றார்கள். ஏமாந்துவிட்டேனா?

இல்லை, இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். ஒரு மனிதருக்கு ஒரே ஸ்கோர் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கணக்கு முறை உண்டு. சிபில் 300 முதல் 900 வரை போகும். அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோர் பொதுவாக 850-இல் நின்றுவிடும். ஃபைகோவிலேயே பல பதிப்புகள் இருக்கின்றன. போன மாதம் நீங்கள் அடைத்த பாக்கி ஒரு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், இன்னொன்றுக்குச் சேர்ந்திருக்காது. சந்தா வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்: காசு கொடுத்து வாங்கும் எண்ணைத்தான் வங்கியும் பார்க்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கேள்வி: 'முதல் வாரம் இலவசம்' என்றார்கள், கார்டு எண் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். அந்த வாரம் முடிந்ததும் தானாகவே பணம் பிடிக்கத் தொடங்குவார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே ரத்து செய்துவிட்டு, ரத்தான தகவலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் யாருமே பணம் கட்டத் தேவையில்லையா?

ஓரிரு மாதத்தில் வீட்டுக் கடன் வாங்கப் போகிறீர்கள், இலவச வாய்ப்பும் தீர்ந்துவிட்டது என்றால், உங்கள் வங்கி எந்த நிறுவனத்தின் ஸ்கோரைப் பார்க்கிறது என்று கேட்டு, அதை மட்டும் ஒரே ஒரு தடவை வாங்கலாம். வருடச் சந்தா தேவையில்லை.

கேள்வி: அடைத்து முடித்த கடன் அறிக்கையில் இன்னும் பாக்கியாகவே நிற்கிறது. சரிசெய்து தருகிறோம் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். இதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். கடன் முடிந்ததற்கான சான்றை வங்கியில் வாங்குங்கள். அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலும் வங்கியிலும் புகார் பதியுங்கள். இந்தியாவில் 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம், கடனின் நிலை எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 'குளோஸ்டு' என்றால் முழுதாக அடைத்தது. 'செட்டில்டு' என்றால் குறைத்துக் கட்டிப் பேசி முடித்தது. அடுத்த கடன் கேட்கும்போது இது உறுத்தும். முழுப் பணத்தையும் கட்டியிருந்தும் 'செட்டில்டு' என்று இருந்தால், அதையும் அதே புகாரில் சேர்த்து எழுதுங்கள்.