முழங்கையில் சுண்ணாம்புக் கட்டி: பாலை நிறுத்த வேண்டாம்

வணக்கம் சகோதரி. ஆறு வயது மகளின் முழங்கையில் கல்போன்ற கட்டிகள் தோன்றி, ஒன்று உடைந்து சுண்ணாம்புக் குழம்பாய்க் கசிந்தது என்றும், இரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தும் உறவினர்கள் பாலை நிறுத்தச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இரத்த அளவு சரியாக இருக்கையில், பழுதுபட்ட திசுவில் கால்சியம் படிவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

கட்டியைவிட எனக்குக் கவலை தருவது வேறு: தரையில் அமர்ந்தவள் கையூன்றாமல் எழ முடியாமல் தவிக்கிறாளா, மாடிப்படி ஏறத் திணறுகிறாளா, கண்ணிமையில் ஊதா நிறமோ விரல்மூட்டுகளின் மேல் சிவந்த தடிப்போ தெரிகிறதா என்று இன்றே பாருங்கள், இவை இளம்பருவத் தோல்தசை அழற்சியின் அடையாளங்கள், அதற்குச் சிகிச்சை தாமதமானால் படிவும் கூடும். கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, குழந்தைகள் மூட்டுவாதப் பிரிவு உள்ள, கோலாலம்பூர் அருகிலுள்ள செலாயாங் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்கள் செந்தூலிலிருந்து அதிகத் தொலைவில்லை.

கட்டியைப் பிதுக்காதீர்கள். சீழோ காய்ச்சலோ கண்டால் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.