கீழ்க்காய்நெல்லியை ஒளிக்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு ஈரல் புற்றுநோய். சொராஃபெனிப் மாத்திரை எடுக்கிறார். பெரியம்மா தினமும் கீழ்க்காய்நெல்லிச் சாறும், யாரோ கொடுத்த ஒரு பொடியும் கொடுக்கிறார். மீனும் முட்டையும் கூடாதென்று பத்தியம் வேறு. கிளினிக்கில் ஏசுவார்கள் என்று சொல்லாமல் இருக்கிறோம். சரியா? – ஒரு மகள், உப்புவெளி

பதில்: மகளே, அந்தப் பொடியை இன்றே நிறுத்துங்கள். என்னென்ன மூலிகை என்று தெரியாத எதையும் நோயுற்ற ஈரலுக்குக் கொடுக்கக் கூடாது. ஆடுதின்னாப்பாளையும் மூலிகைதான்; அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையே உண்டாக்கும்.

கீழ்க்காய்நெல்லி விடயத்தில் பெரியம்மாவை நான் குறைசொல்ல மாட்டேன். காமாலைக்கு நம் வீடுகளில் அரைத்து மோரில் கலந்து கொடுத்த இலை அது. ஈரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணங்களில் ஒன்று ஹெபடைட்டிஸ் பி கிருமி. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அந்தக் கிருமி உள்ள 37 பேருக்கு இந்த மூலிகையைக் கொடுத்ததில், 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். எத்தனை பேருக்கு நம்பிக்கை பிறந்திருக்கும்! ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வந்துவிட்ட கட்டியை அது கரைக்கும் என்பதற்கும் நம்பத்தக்க சான்று இல்லை.

சொராஃபெனிப் எடுப்பவருக்கு வயிற்றோட்டம் வரலாம், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியலாம். சாறு குடிப்பதை மறைத்தால், வயிறு கெட்டது மாத்திரையாலா சாற்றாலா என்று வைத்தியர் எப்படிப் பிரித்தறிவார்? மாத்திரையிலுள்ள மருந்தைச் சிதைக்கும் வேலையும் ஈரலுடையதுதான். சில மூலிகைகள் அந்த வேலையில் குறுக்கிட்டு, இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கறியில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. கடையில் விற்கும் மஞ்சள் மாத்திரை வேண்டாம். அதனால் ஈரல் அழற்சி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

என்னை அதிகம் வருத்துவது அந்தப் பத்தியம். ஈரல் நோயில் உடம்பின் தசை வேகமாகக் கரைகிறது. ஈரல் சுருக்கம் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ள ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ என்றால் குறைந்தது 72 கிராம். கடற்கரையில் குடியிருந்துகொண்டு அந்த மனிதருக்கு மீனை மறுக்கலாமா? முட்டையும் கொடுங்கள். இரவு படுக்குமுன் கொஞ்சம் பாற்கஞ்சி கொடுங்கள், நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. வயிற்றில் நீர் கட்டியிருந்தால் உப்பைக் குறைத்து, கருவாட்டைத் தவிருங்கள்.

பெரியம்மாவின் கைக்கும் வேலை இருக்கிறது: குமட்டும்போது மெல்லிய இஞ்சித் தேநீர். சித்த வைத்தியம்தான் மனதுக்கு ஆறுதல் என்றால், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே அதைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள். முறையாகப் படித்துப் பதிவுபெற்ற ஒருவரிடம் மாத்திரை அட்டையோடு போங்கள். அடுத்த கிளினிக் நாளில் சாறு, பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். பெரியம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள்.