மூளையின் அழற்சிக்கு நோவு மாத்திரை மருந்தாகுமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனது மாமியாருக்கு வயது 74. கொழுந்து மலையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அண்மைக்காலமாக மறதி கூடி, இப்போது பேரப்பிள்ளைகளின் பெயர்களையே மாற்றிச் சொல்கிறார். கிளினிக்கில் அல்சைமர் நோய் என்று சொன்னார்கள். மூளையில் உண்டாகும் அழற்சியும் இந்நோயை வளர்க்கிறது என்று படித்தேன். அப்படியானால், மூட்டு நோவுக்குக் கொடுக்கும் அழற்சி தணிக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்தால் மறதி குறையாதா?
— வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: மறதிக்காக அந்த மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஆராய்ச்சியாளர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விதான் என்பதால், விடையைச் சற்று விரிவாகவே தருகிறேன்.

மூளையில் நரம்புக்கலங்களைத் தவிர, அவற்றைப் பேணுகின்ற துணைக்கலங்களும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் உள்ளன. அஸ்ட்ரோசைட் எனப்படுபவை குருதிக்குழாய்களுக்கும் நரம்புக்கலங்களுக்கும் நடுவில் நின்று, ஊட்டம் கிடைக்கவும் உப்புகளின் சமநிலை கெடாதிருக்கவும் உதவுகின்றன. 1919இல் ஸ்பானிய விஞ்ஞானி டெல் ரியோ ஒர்டேகா பெயரிட்ட மைக்ரோகிளியா, மூளையின் நிர்ப்பீடனக் கலங்கள். கிருமிகளையும் இறந்த கலங்களின் எச்சங்களையும் விழுங்கி அகற்றுவது அவற்றின் வேலை. சிறு வயதில் தேவைக்கு மேலாக முளைத்திருக்கும் நரம்பிணைப்புகளை வெட்டிக் குறைப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவது போன்ற இந்த வேலை உரிய பருவத்தில் நடந்தால் மூளைக்கு நன்மையே. அல்சைமர் நோயில் அதே வெட்டு முதுமையில், பருவம் தப்பி, மீண்டும் தொடங்குவதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

அல்சைமர் நோயில் அமிலோயிட் என்ற புரதம் கலங்களுக்கு வெளியே திரள்கிறது. அதை அகற்றவே மைக்ரோகிளியா அங்கே சென்று கூடுகின்றன. திரள் குறையாமல் வருடக்கணக்கில் நீடிக்கும்போது அவை ஓய்வுநிலைக்குத் திரும்புவதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் மூன்று புரதங்கள் சேர்ந்து அஸ்ட்ரோசைட்டுகளின் இயல்பையே மாற்றிவிடுகின்றன என்றும், அவ்வாறு மாறியவை நரம்புக்கலங்களைப் பேணுவதை விட்டு அவற்றைக் கொல்லக்கூடியவையாகின்றன என்றும் 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நரம்புக்கலங்கள் இறக்க, அவற்றின் எச்சங்கள் மேலும் அழற்சியைத் தூண்டுவதால் இது ஒரு சுழலாகிவிடுகிறது.

அழற்சியை அடக்கினால் போதுமே என்று தோன்றுவது இயல்பு. மூட்டுவாதத்துக்காக நீண்டகாலம் மாத்திரை எடுத்தவர்களுக்கு அல்சைமர் குறைவாக வருவதாகச் சில அவதானிப்புகள் சொன்னதால், அமெரிக்காவில் நப்ரொக்சென், செலிகொக்சிப் என்ற அழற்சி தணிக்கும் மாத்திரைகளை முதியோருக்குக் கொடுத்து ஒரு பெரிய பரிசோதனையே நடத்தினார்கள். இதயப் பாதிப்புப் பற்றிய அச்சத்தால் 2004இல் மருந்து நிறுத்தப்பட்டது. மறதி நோயைத் தடுக்கும் பயனும் அதில் தெரியவில்லை. ஏன் என்பதற்கு ஒரு குறிப்பை மரபணு ஆய்வு தருகிறது. மைக்ரோகிளியாவில் தொழிற்படும் ட்ரெம்2 என்ற மரபணு ஓர் அரிய மாற்றத்தால் வலுவிழந்திருப்பவர்களுக்கு அல்சைமர் வரும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. அதாவது, இக்கலங்கள் மிகையாகக் கொதித்தாலும் கேடு, சோர்ந்து போனாலும் கேடு. எல்லாவற்றையும் ஒருசேர அடக்கும் மாத்திரை இந்த வேறுபாட்டை அறியாது. முதியவரின் இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் அது செய்யும் தீங்கோ உறுதியானது.

நீங்கள் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. ஏற்கனவே தூண்டப்பட்டிருக்கும் மைக்ரோகிளியா, உடலில் எங்கேனும் தொற்று ஏற்பட்டால் அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழும். மாமியார் ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குழம்பினால், இரவில் தூங்காமல் பிதற்றினால், அதை மறதி முற்றியதாக எண்ணி விட்டுவிடாமல், சிறுநீர்த் தொற்றோ சளிக்காய்ச்சலோ இருக்கிறதா என்று உடனே பார்க்கச் செய்யுங்கள். மலையில் கழிப்பறை வசதியில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துப் பழகிய தலைமுறை இது. அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் தொடர்வதை நான் அடிக்கடி காண்கிறேன். நீரிழிவையும் பிரஷரையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள்; காது கேட்பது குறைந்திருந்தால் அதையும் கவனியுங்கள். லயத்து அடுப்படியில் புகை வெளியேற வழி இருக்கட்டும். காற்று மாசும் மறதி நோய்க்கான அபாயக் காரணிகளுள் ஒன்று.

கேள்வி: என் அப்பா தோட்டத்தில் பல வருடங்கள் புல்லுக்கு மருந்து அடித்தவர். இப்போது வலது கை நடுங்குகிறது, நடையும் மெதுவாகிவிட்டது. பார்கின்சன் நோய் என்கிறார்கள். மருந்து அடித்ததால் வந்ததா?
— வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் ஆதாரமற்றதல்ல. பார்கின்சன் நோயால் இறந்தவர்களின் நடுமூளையில், உடலசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் அழிந்த இடத்தில், கிளர்ச்சியுற்ற மைக்ரோகிளியா நிறைந்திருப்பதைக் கனடாவின் மக்கீர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1988இல் காட்டினார்கள். பரகுவாட் என்ற களைநாசினி அதே கலங்களைத் தாக்குவதையும் மைக்ரோகிளியாவைத் தூண்டுவதையும் விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். விவசாயிகளிடையே நடந்த ஆய்வுகளிலும் இந்த மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. இலங்கையில் பரகுவாட் 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. எனினும் அத்தடையின் நோக்கம் நஞ்சருந்தி நேரும் மரணங்களைக் குறைப்பதாகும்.

அப்பா எந்தக் காலத்தில், என்ன மருந்து, முகமூடியும் கையுறையும் உண்டா இல்லையா என்பதை எழுதி, கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்கில் காட்டுங்கள். லெவோடோபா மாத்திரை நடுக்கத்தையும் நடையையும் கணிசமாகச் சீராக்கும்; வைத்தியரைக் கேட்காமல் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. தலைச்சுற்றுக்கும் வாந்திக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளே இத்தகைய நடுக்கத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், அவர் இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் உறைகளோடு கொண்டுசெல்லுங்கள்.