மருந்துக்கு முன் கல்ச்சர்: குடல் தொற்று பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி "இது என்ன?" என்று மட்டும் கேட்பவை. வயது இல்லை, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பது இல்லை, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதும் இல்லை. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். மீதி இவை.

எங்கள் மாவட்டத்தில் பேதி நோயாளிகள் சென்ற ஆண்டைவிட இரண்டு மடங்கு என்று செய்தி படித்தேன். பயப்பட வேண்டுமா? (குடியாத்தம்)

கணக்கு அனுப்பும் மருத்துவமனைகளும் இரண்டு மடங்காகிவிட்டனவா என்று முதலில் கேளுங்கள். பயத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ரோட்டா பாக்டீரியாவுக்குச் சிறந்த ஆன்டிபயாடிக் எது? (வாலாஜாபேட்டை)

ரோட்டா வைரஸ். ஆன்டிபயாடிக் எதுவும் வேண்டாம். உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுங்கள். குழந்தை சோர்ந்து போனாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

200 படுக்கை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். மாதம் 6 பேருக்கு மருத்துவமனைப் பேதி, அதாவது சேர்ந்த பிறகு தொற்றும் பேதி, வருகிறது. பக்கத்து ஊர்ப் பெரிய மருத்துவமனையில் 15 பேர். நாங்கள்தானே மேல்? (ஆற்காடு, செவிலியர்)

இல்லை. தலையை எண்ணாதீர்கள், நோயாளி-நாட்களால் வகுங்கள் (ஒருவர் ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள்). படுக்கைகள் நிறைந்திருந்தால் உங்களுக்கு மாதம் 6,000 நோயாளி-நாட்கள். ஆக 10,000-க்கு 10. அங்கே 1,000 படுக்கை என்றால் 30,000 நாட்கள், 10,000-க்கு 5. உங்கள் விகிதம்தான் இரண்டு மடங்கு. அதற்கும் முன்னால் ஒன்று: இரண்டு இடத்திலும் பேதி வந்த எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்கிறார்களா? தேடாத இடத்தில் நோய் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

எனக்கு நான்கு மாதமாக டைபாய்டு போகவில்லை. மாதாமாதம் விடால் பாசிட்டிவ் வருகிறது. மூன்று முறை மருந்து மாற்றியாகிவிட்டது. (ராணிப்பேட்டை)

உங்களுக்கு இப்போது காய்ச்சல் இருக்கிறதா? ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை.

விடால் 1896-ஆம் ஆண்டுப் பரிசோதனை. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. பழைய டைபாய்டு, தடுப்பூசி, ஏன், வேறு காய்ச்சல்கூட அதை ஏற்றிக் காட்டும். நோய் தீர்ந்து மாதக்கணக்கிலும் எதிர்ப்பொருள் நிற்கும். குணமாகிவிட்டதா என்று பார்க்க விடால் எடுப்பதில் பொருளே இல்லை. ஆனாலும் நம் ஊர்களில் 1:80 என்ற குறைந்த அளவு வந்தாலே "டைபாய்டு பாசிட்டிவ்" என்று சிவப்பு மையில் அடித்துக் கொடுக்கும் ஆய்வகங்கள் உண்டு. ஒரு கல்யாண வீட்டில், என் பேத்தியின் ரிப்போர்ட்டையே ஒருவர் அப்படி என் கையில் கொடுத்தார். குழந்தைக்கு அன்று காய்ச்சலும் இல்லை, பசியும் குறையவில்லை.

இதில் உங்கள் பணம் போவதோடு விஷயம் முடிவதில்லை. 2004-இல் தொடங்கிய நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என மூன்று மட்டங்களிலிருந்து கணக்கு போகிறது. மருத்துவர் சந்தேகித்த டைபாய்டு ஒரு படிவம், ஆய்வகம் உறுதிசெய்த டைபாய்டு இன்னொரு படிவம். முதல் படிவத்தில் விடாலை நம்பி எழுதிய காய்ச்சல்கள் குவிந்தால், டெங்கு ஏறும் மாதத்தில் டைபாய்டும் ஏறுவதுபோல் தெரியும்.

ஒழுங்காக எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் வேலூரே சாட்சி. 2017 முதல் 2020 வரை வேலூர், டெல்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களிலும் புனே பக்கத்துக் கிராமங்களிலும் சுமார் 24,000 குழந்தைகளை வாராவாரம் பின்தொடர்ந்து, காய்ச்சல் நீடித்தவர்களுக்கு ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) செய்தார்கள். நகரங்களில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஏறத்தாழ 600 முதல் 1,200 பேருக்கு டைபாய்டு. புனே கிராமங்களில் 35. விடாலை வைத்து எண்ணியிருந்தால் இந்த மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு தெரிந்திருக்குமா?

இன்னொன்று, கல்ச்சரில் கிருமி வளர்ந்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் நடத்தும் மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பில், டைபாய்டுக் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கேட்பதில்லை. கைவிட்ட பழைய மருந்தான குளோராம்ஃபெனிக்காலுக்கு மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கின்றன. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு தலைதூக்கியதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் கல்ச்சர்தான். மருந்துக்கு முன் கல்ச்சர் என்று நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

நீங்கள் நான்காவது மருந்துக்குப் போகாதீர்கள். காய்ச்சல் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் ரத்தக் கல்ச்சர் கேளுங்கள். இல்லாவிட்டால் விடால் எடுப்பதை நிறுத்துங்கள்.

இடுப்பு ஆபரேஷனுக்குச் சேர்த்த அம்மாவுக்கு ஆறாம் நாள் பேதி. 'சி. டிஃபிசில்' என்கிறார்கள். மருத்துவமனையின் குற்றமா? (காட்பாடி)

சேர்த்து மூன்று நாள் கழிந்தபின் மாதிரி எடுத்துக் கண்டுபிடித்தால் மருத்துவமனைக் கணக்கில் சேர்ப்பது பல நாடுகளின் வழக்கம். குற்றம் யாருடையது என்பது வேறு. சி. டிஃபிசில் ஒரு குடல் பாக்டீரியா. ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளை அழித்ததும் இது இடம் பிடித்துக்கொள்கிறது. தேவையில்லாத ஆன்டிபயாடிக் ஏதாவது ஓடுகிறதா, அதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கட்டிலில் தொங்கும் ஆல்கஹால் கைத்திரவம் இதன் வித்துகளைக் கொல்லாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். இங்கிலாந்தில் 2004 முதல் இதைக் கட்டாயமாகக் கணக்குக் காட்ட வேண்டும். இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதனால் நம் நாட்டில் இது கூடுகிறதா குறைகிறதா என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

மலமாதிரியை பஸ்ஸில் வேலூருக்குக் கொடுத்தனுப்பலாமா? (ஆரணி, ஆய்வகப் பணியாளர்)

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் கிருமி சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் வந்து சேர்வதற்குள் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா செத்துவிடும். டிஃபிசில் நச்சுப் பரிசோதனைக்கு அந்த ஊடகம் வேண்டாம்; காலி டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். கெட்டியான மலத்தை அதற்கு அனுப்பவே வேண்டாம்.

கல்ச்சர் நெகட்டிவ் வந்தால் டைபாய்டு இல்லை என்று பதிவேட்டில் எழுதலாமா? (ஆம்பூர்)

எழுதக் கூடாது. நன்றாகச் செய்தாலே ரத்தக் கல்ச்சர் 10 டைபாய்டில் 6-ஐத்தான் பிடிக்கும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் இன்னும் குறைவு. பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 2 மில்லி விட்டுவிட்டு நெகட்டிவ் என்று எழுதுகிறார்கள். முன்பே ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா, எத்தனை மில்லி எடுத்தீர்கள் என்பதையும் அதே வரியில் குறித்து வையுங்கள்.