தோட்டத்தில் குரோஷா போடும் லிடியா: இந்த ஓவியத்தில் அப்படி என்ன இருக்கிறது?

மேரி கஸாட் 1880-ல் வரைந்த படத்தைப் போட்டு, "பணக்காரப் பெண் ஒருத்தி தோட்டத்தில் சும்மா உட்கார்ந்து குரோஷா போடுகிறாள், இதற்கு ஏன் இவ்வளவு புகழ்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் நாள்பட்ட நோயாளி யாரும் இல்லை என்று நினைக்கிறேன். இல்லாமலே இருக்கட்டும்.

அந்த லிடியா, ஓவியரின் அக்கா. சிறுநீரக நோய், அப்போது பிரைட்ஸ் நோய் என்பார்கள். டயாலிசிஸ் வருவதற்கே இன்னும் அறுபது வருடம் இருந்தது. அந்தக் கோடையில் பாரிஸுக்கு மேற்கே 16 கிலோமீட்டர் தள்ளி மார்லியில் குடும்பம் தங்கியிருந்தது. பதினான்காம் லூயி மன்னன் மாளிகை கட்டிய ஊர் அது. தங்கை அந்தப் பழம்பெருமை எதையும் தொடவில்லை, அக்காவை வரைந்தார். 1881-ல் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்கிற ஓவியர் குழுவின் ஆறாவது கண்காட்சியில் படம் வந்தது. 1882 நவம்பரில் லிடியா இல்லை.

என் அக்காவுக்கும் சிறுநீரகம்தான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். மற்ற நாட்களில் மொட்டை மாடியில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு குரோஷா போடுவாள். இரத்தம் குறைவு, அதனால் மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். ஒருநாள் இந்தப் படத்தை போனில் காட்டினேன், யார் என்ன என்று எதுவும் சொல்லவில்லை. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெயில்லயும் கோட்டு, கையுறையா? பாவம், இவளுக்குக் குளிருது போல" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பெண்களின் உடையே அப்படித்தான் என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். எனக்கும் தெரியும். நான் ஓவியம் படித்தவள் இல்லை. ஆனால் தொப்பியின் லேஸில் அடிக்கிற வெயிலையும், அதற்குக் கீழே முகம் வெளிறிக் கிடப்பதையும் சேர்த்துப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அப்புறம், இந்த "சும்மா" என்கிற வார்த்தை. எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அக்காவுக்கு போன் வரும், "சும்மாதானே இருக்கே, ஒரு குல்லா போட்டுக் கொடேன்" என்று. நூல் காசுகூட யாரும் தந்ததில்லை. ஒரு தடவை டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம், ஒரு பெரியவர் "வயசுப் பொண்ணு, எழுந்து இடம் கொடுத்தா என்ன?" என்று கத்தினார். அக்கா முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள், ஊசி போட்ட இடம் வெளியே தெரியாது. எதுவும் பேசாமல் எழுந்து நின்றுவிட்டாள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கண்ணிலிருந்து தொடங்குங்கள், லிடியா நம்மைப் பார்க்கவே மாட்டார், கண் முழுக்கக் கையிலிருக்கும் நூலில்தான் இருக்கும். அக்காவும் அப்படித்தான், கூப்பிட்டால்கூட அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள்.