பதினான்கு வயதுப் பிள்ளையின் தாங்குதிறனை ஆய்வகம் இல்லாமல், ஓடவிட்டே கணிக்க முடியுமா?

முடியும், ஆனால் தோராயம்தான். கூப்பர் சோதனையில் 12 நிமிடத்தில் ஓடிய மீட்டரிலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுத்தால் தாங்குதிறனின் அளவுகோலான, உடலின் அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு கிடைக்கும். 2400 மீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 42 மில்லி. சரி, இது 1968-இல் அமெரிக்க விமானப்படை ஆண்களை வைத்து வந்த கணக்கு. பிள்ளைகளோ முதல் இரண்டு நிமிடம் பாய்ந்து ஓடிவிட்டு, எட்டாவது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், அப்போது நாம் அளப்பது தாங்குதிறனை அல்ல, வேகத்தைப் பங்கிடத் தெரியாததைத்தான். அதனால் நான் சொல்வது 20 மீட்டர் பீப் சோதனை, அதாவது 20 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே பீப் ஒலிக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஓடுவது. மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடும், வேகத்தை ஒலியே சொல்லிவிடும், சிறுவர்களுக்கான சூத்திரத்தில் வயதும் சேரும். அப்புறம், மூன்று மாதம் கழித்து அதே தரையில் மறுபடி ஓடவிட்டு அவரவர் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரே வயதிலும் ஒருவர் வளர்ச்சியில் முந்தியிருப்பார்.